பத்துக்கு ஒன்று: பிரிட்டிஷ் சீகல் படகு எஞ்சின் – ஒரு நிகழ்வு ஆய்வு

லூனாவோ டிவிஎஸ் 50-யோ வைத்திருந்தவர்களுக்கு 2டி ஆயில் நினைவிருக்கும். பெட்ரோல் பங்கில் சின்ன அளவுக் குவளையில் ஊற்றிக் கலந்து தருவார்கள். லிட்டருக்கு இருபது, முப்பது மில்லி. கொஞ்சம் கூடிப்போனால் வண்டி புகை கக்கும், பிளக் கறுத்துவிடும், மெக்கானிக் திட்டுவார்.

லிட்டருக்கு நூறு மில்லி ஆயில் கேட்ட ஒரு டூ ஸ்ட்ரோக் எஞ்சின் இருந்தது. பத்துப் பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில். ஐந்து லிட்டர் கேனில் அரை லிட்டர் ஆயிலை ஊற்றிக் குலுக்க வேண்டும். ஓடும்போது நீல நிறப் புகை, படகின் பின்னால் தண்ணீரில் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம், கூடவே பக்கத்துப் படகில் தூங்குபவரை எழுப்பிவிடும் சத்தம். இப்படிப்பட்ட எஞ்சினைச் செய்த இங்கிலாந்து நிறுவனமான பிரிட்டிஷ் சீகல், விளம்பரத்தில் கொஞ்சமும் கூச்சப்படாமல் "உலகத்துக்கே சிறந்த அவுட்போர்டு மோட்டார்" என்று போட்டுக்கொண்டது. மக்களும் வாங்கினார்கள். 1930-களில் தொடங்கி 1996 வரை உற்பத்தி நடந்தது. கடையை மூடிப் பல வருடங்கள் ஆன பிறகும் அந்த எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவு குறை சொல்லக்கூடிய எஞ்சின் எப்படி அத்தனை காலம் விற்றது, அத்தனை காலம் விற்றது ஏன் நின்றது என்று இரண்டு கேள்விகள் எழுகின்றன. இரண்டுக்கும் விடை அந்தப் பத்துக்கு ஒன்றில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்ல, எஞ்சினைக் கழற்றிப் பார்த்தாக வேண்டும்.

வுல்வர்ஹாம்ப்டனில் இருந்து பூலுக்கு

படகின் பின்பலகையில் திருகு போட்டு மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போகும் எஞ்சினுக்கு அவுட்போர்டு என்று பெயர். இதைப் பெரிய வியாபாரமாக்கியவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஓலே எவின்ரூட். 1909-ல் மில்வாக்கியில் அவர் விற்கத் தொடங்கிய எஞ்சின் ஒன்றரைக் குதிரைத்திறன். எடை 62 பவுண்டு, கிட்டத்தட்ட 28 கிலோ. ஒரு சிலிண்டர், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும், செங்குத்தாக நிற்கும் கிராங்க், மேலே பிளைவீல், கீழே நீண்ட தண்டு, அதன் அடியில் கியர், பக்கவாட்டில் புரொப்பெல்லர். இந்த எலும்புக்கூடு இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

சீகலின் பிறப்பு 1931-ல், இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில். சன்பீம் சைக்கிள்களையும் மோட்டார் சைக்கிள்களையும் செய்து பெயர் வாங்கிய ஜான் மார்ஸ்டன் நிறுவனம் "மார்ஸ்டன் சீகல்" என்று ஒரு படகு எஞ்சினை வெளியிட்டது. அங்கே பொறியாளர்களாக இருந்த ஜான் வே-ஹோப், பில் பின்னிகர் என்ற இருவர், பிறகு அந்த எஞ்சினைச் செய்யும் உரிமையை விலைக்கு வாங்கிக்கொண்டு தனியே கிளம்பினார்கள். கடைசியில் வந்து சேர்ந்த இடம் தென்கரையில் டார்செட் மாவட்டத்தின் பூல். ஆழமில்லாத பெரிய இயற்கைத் துறைமுகம் அங்கே உண்டு. ஏற்றவற்றம் பார்த்துத்தான் படகை நகர்த்த முடியும், தண்ணீர் வற்றினால் சேற்றுத் திட்டுகள் வெளியே தெரியும். படகு எஞ்சினைச் சோதிக்க அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. உப்பு, மணல், பாசி, சேறு என்று எஞ்சினுக்குப் பகையானதெல்லாம் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே இருந்தன.

அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. படைகளை ஏற்றிச் செல்லும் சிறு படகுகளுக்கு எஞ்சின் வேண்டும் என்று பிரிட்டிஷ் கடற்படை நிர்வாகம் தேடியபோது சீகலுக்கு வாய்ப்பு அடித்தது. 102 என்ற மாடல் ஆயிரக்கணக்கில் போனது. ஒருமுறை கரையேறப் பயன்பட்டால் போதும், அதற்கு மேல் உழைக்க வேண்டியதில்லை என்றுதான் ராணுவம் கேட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, போர்க்கால உற்பத்தி இந்த எஞ்சினின் குணத்தை முடிவுசெய்துவிட்டது. ஓட்டப்போகிறவன் மெக்கானிக் இல்லை. கையில் ஒரு ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் இருந்தால் அதிகம். இருட்டில், குளிரில், உப்புத் தண்ணீர் மேலே தெறிக்கும்போது கயிற்றை இழுத்தால் எஞ்சின் பிடிக்க வேண்டும். மிச்சமெல்லாம் ஆடம்பரம். போர் முடிந்து வாரக்கடைசிப் பாய்மரக்காரர்களுக்கு விற்கத் தொடங்கிய பிறகும் சீகல் அந்த ராணுவச் சட்டையைக் கழற்றவே இல்லை.

கழற்றிப் பார்த்தால்

போருக்குப் பிந்தைய சீகல்கள் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களில் அடங்கும். 64 சிசி உள்ள "ஃபார்ட்டி" வரிசை, 102 சிசி உள்ள "செஞ்சுரி" வரிசை. சின்ன ரப்பர் படகுக்கும் துடுப்புப் படகுக்கும் முதலாவது, பாய்மரப் படகைத் தள்ள இரண்டாவது. செஞ்சுரியிலேயே பெரிய புரொப்பெல்லர் போட்டது "சில்வர் செஞ்சுரி". இந்த ஆய்வு பெரும்பாலும் அதைப் பற்றியதுதான். பெயர்களில் எங்கேயும் குதிரைத்திறன் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேறு கம்பெனிக்காரர்கள் எஞ்சின் மூடியிலேயே எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டிய காலம் அது.

மூடியே கிடையாது என்பதுதான் முதலில் கண்ணில் படும். பிளைவீல் வெளியே சுற்றுகிறது, பிளக் வெளியே நிற்கிறது, கார்புரேட்டர் வெளியே தொங்குகிறது, பித்தளை டேங்க் பின்னால் பட்டை போட்டுக் கட்டியிருக்கிறது. எல்லாம் கண்ணுக்குத் தெரிவதால் எது கழன்றது, எது ஒழுகுகிறது என்று தேட வேண்டியதில்லை. தலைமுடியையும் சட்டைக் கையையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியது ஓட்டுபவர் பொறுப்பு.

பேட்டரி இல்லை. பிளக்குக்கு மின்பொறி தருவது பிளைவீலுக்கு அடியில் உள்ள வில்லியர்ஸ் மேக்னெட்டோ, பின்னாளில் வைப்பாக். அந்தப் பொறிக்கான மின்தொடர்பைத் திறந்து மூடும் பாயிண்ட்டின் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர். பிளக் இடைவெளியும் அதேதான். ஒரே ஃபீலர் தகட்டில் இரண்டு வேலையும் முடிந்துவிடும். கார்புரேட்டர் வில்லியர்ஸ் அல்லது அமல். அமல் என்றால் நமக்குப் புதிதில்லை, பழைய மெட்ராஸ் புல்லட்டுகளில் வந்த அதே கம்பெனிதான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இவையெல்லாம் மூலைக்கடையில் கிடைத்த சாமான்கள். மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கத் தெரிந்தவனுக்குச் சீகல் ஒரு பொருட்டே இல்லை. நம் ஊர் டூ ஸ்ட்ரோக் மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்தால் டீ குடித்து முடிப்பதற்குள் கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டிவிடுவார்.

கீழே போனால் புத்திசாலித்தனம் கூடுகிறது. மற்ற அவுட்போர்டுகளில் தண்ணீர் இறைக்க ரப்பர் இறகுள்ள சக்கரம் இருக்கும். ரப்பர் இறகு சுவரை உரசிக்கொண்டே சுற்றும். மணல் புகுந்தால் தேயும், தண்ணீரில்லாமல் ஓட்டினால் கருகும், அலமாரியில் கிடந்தாலே விறைத்துப்போகும். சீகலில் இருப்பது நம் வீட்டு மோட்டார் பம்பு போல எதையும் உரசாமல் சுற்றி மையவிலக்கு விசையால் தண்ணீரை மேலே தள்ளும் சக்கரம். மணல் வந்தால் மணலையும் சேர்த்துத் தள்ளிவிடும்.

புரொப்பெல்லர் பாறையில் மோதினால் கியர் உடையக் கூடாது என்பதற்காகப் பெரும்பாலான எஞ்சின்களில் ஒரு மெல்லிய ஊசியை வைப்பார்கள். அடி விழுந்தால் ஊசி முறியும், கியர் தப்பிக்கும். அப்புறம் காற்றில் ஆடும் படகின் பின்னால் தொங்கிக்கொண்டு புது ஊசி மாட்ட வேண்டும், அதுவும் கைவசம் இருந்தால். சீகலில் ஊசிக்குப் பதில் கனமான சுருள் கம்பி. தண்டுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவே அந்த ஸ்பிரிங்தான் சக்தியைக் கடத்துகிறது. அடி விழுந்தால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு வாங்கிக்கொள்ளும், பிறகு தன்பாட்டில் சுற்றும். இவ்வளவு எளிய ஒரு தீர்வை மற்றவர்கள் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு இன்னும் வியப்புதான்.

கியர்பாக்ஸ் விஷயத்தில்தான் பொறியியல் படித்தவர்கள் தலையில் கைவைப்பார்கள். புரொப்பெல்லர் தண்டு வெளியே வரும் இடத்தில் ஒழுங்கான சீல் கிடையாது. தண்டும் அது சுற்றும் உலோகக் குழலான புஷ்ஷும் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும், அவ்வளவே. உள்ளே ஊற்றுவது எஸ்ஏஇ 140 என்னும் கெட்டியான கியர் ஆயில். கொஞ்சம் ஆயில் கடலுக்குப் போகும், கொஞ்சம் கடல் உள்ளே வரும். சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு திறந்தால் உள்ளே மோர் போல வெளுத்த குழம்பு இருக்கும். வேறு எந்த எஞ்சினிலும் அது ஆபத்தின் அறிகுறி. சீகலில் அது சாதாரணம், அந்தக் குழம்பிலேயே கியர் ஓடும். அவ்வப்போது ஆயிலை நிரப்பினால் போதும்.

இதே தத்துவம் மேலேயும் இருக்கிறது, பத்துக்கு ஒன்றின் காரணமும் அங்கேதான். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் சுற்றும் அறையான கிராங்க்கேஸ் ஒரு காற்றுப் பம்பு மாதிரி வேலை செய்கிறது. பிஸ்டன் இறங்கும்போது உள்ளே இருக்கும் கலவை அழுத்தப்பட்டுச் சிலிண்டருக்குள் போக வேண்டும். கிராங்க் தண்டு வெளியே வரும் இரண்டு பக்கமும் காற்று கசிந்தால் எஞ்சின் பிடிக்காது. வழக்கமான எஞ்சினில் அங்கே பால் பேரிங்கும் ரப்பர் ஆயில் சீலும் இருக்கும். சீகலில் இரண்டும் இல்லை. கிராங்க் சுற்றுவது வெறும் நீண்ட புஷ்களில். பேரிங் வேலையையும் சீல் வேலையையும் அந்தப் புஷ்ஷே பார்க்கிறது, அதற்குத் துணை நிற்பது தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே உள்ள ஆயில் படலம். பெட்ரோலோடு வரும் ஆயில்தான் அந்தப் படலத்தை உண்டாக்க வேண்டும். அதனால்தான் அத்தனை ஆயில்.

இதன் லாபமும் பெரியது. துருப்பிடிக்க பால் பேரிங் இல்லை. விறைத்துப்போக ரப்பர் சீல் இல்லை. இருபது வருடம் கொட்டகையில் கிடந்த சீகல், பாயிண்ட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து புது பெட்ரோல் ஊற்றியதும் பிடித்துவிடுகிறது என்று சொல்வார்களே, அதில் மாயம் ஏதும் கிடையாது. காலத்தால் கெட்டுப்போகக்கூடிய பொருளே உள்ளே மிகக் குறைவு. காய்ந்துபோக வேண்டிய உலோகப் பரப்புகளுக்கும் அந்த ஆயில் முன்கூட்டியே எண்ணெய்க் குளியல் போட்டுவிட்டிருக்கும்.

செயல்திறன்: எண்கள் என்ன சொல்கின்றன

குதிரைத்திறனை மட்டும் வைத்துப் பார்த்தால் சில்வர் செஞ்சுரி பரிதாபமானது. 102 சிசியில் சுமார் ஐந்து. பக்கத்தில் நமக்குப் பழக்கமான யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ நிறுத்திப் பாருங்கள். 98 சிசி, 11 குதிரைத்திறன். கொள்ளளவு கொஞ்சம் குறைவு, சக்தி இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் ஆர்எக்ஸ் அந்தச் சக்தியைத் தருவது நிமிடத்துக்கு 7500 சுற்றில். சீகல் 4000-ஐ ஒட்டியே நின்றுவிடும். அதற்கும் கீழே கியர் வேறு, ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. புரொப்பெல்லர் சுற்றுவது இரண்டாயிரத்தை ஒட்டி. ஐந்து இதழ், விட்டம் சுமார் 11 அங்குலம். அதே சக்தியுள்ள இன்றைய சின்ன எஞ்சின்களில் புரொப்பெல்லர் ஏழரை அங்குலத்தைச் சுற்றித்தான் இருக்கும்.

இந்த விட்டத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நிற்கும் படகைத் தள்ளும்போது, ஒரே சக்திக்குக் கிடைக்கும் தள்ளுவிசை புரொப்பெல்லர் விட்டத்தின் மூன்றில் இரண்டு அடுக்கில் கூடும் என்கிறது பாடப்புத்தகச் சூத்திரம். ஏழரையில் இருந்து 11-க்குப் போனால் 1.29 மடங்கு. அதாவது பெட்ரோல் கூடாமல், குதிரைத்திறன் கூடாமல், கிட்டத்தட்ட முப்பது சதவீதம் கூடுதல் தள்ளல். உராய்வும் இதழ் வடிவமும் சேர்ந்து இந்த எண்ணைக் கொஞ்சம் அங்கே இங்கே நகர்த்தும், திசை மாறாது. நிறையத் தண்ணீரை மெதுவாகப் பின்னால் தள்ளுவது, கொஞ்சம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதைவிட லாபம். துடுப்பின் இலை ஏன் அகலமாக இருக்கிறது என்பதற்கும் காரணம் இதுவே.

யாருக்கு இந்தத் தள்ளல் தேவை? தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் கனமான படகுக்கு. அப்படிப்பட்ட படகு தானே எழுப்பும் அலைக்குள் சிக்கிக்கொள்ளும். தண்ணீர் மட்டத்தில் படகு எவ்வளவு நீளம் என்பதை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் படகின் இயல்பான உச்ச வேகம் மணிக்கு இத்தனை கடல்மைல் என்று கிடைக்கும். 16 அடி நீளம் என்றால் 5.36 கடல்மைல், மணிக்குச் சுமார் பத்துக் கிலோமீட்டர். இருபது குதிரை எஞ்சின் மாட்டினாலும் அதற்கு மேல் போவது கஷ்டம், பின்பக்கம் அமிழ்ந்து மூக்கு தூக்கும். ஆகவே இந்தப் படகுக்குக் கேட்க வேண்டியது நான்கு, ஐந்து கடல்மைலில், எதிர்க்காற்றிலும் எதிர்நீரோட்டத்திலும் எவ்வளவு தள்ளும் என்பதுதான். அந்தத் தேர்வில் சில்வர் செஞ்சுரி, தன்னைவிடப் பெரிய எண் ஒட்டிய எஞ்சின்களுக்கு ஈடுகொடுத்தது. இரண்டு டன் பாய்மரப் படகைக் காற்று விழுந்த மாலையில் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து சேர்க்க அந்தப் பெரிய மெதுவான விசிறி போதும்.

நம் கரையிலும் இதே கணக்கைக் காணலாம். நாகப்பட்டினம் பக்கத்து ஃபைபர் படகுகளில் நீண்ட தண்டின் முனையில் விசிறி சுழலும் டீசல் எஞ்சின்கள் ஓடுகின்றன. பார்க்க நளினமாக இருக்காது. வலையும் மீனும் ஏறிய படகை மெதுவாக, குறைந்த எரிபொருளில் தள்ள அவை போதும் என்பதால்தான் மீனவர்கள் அவற்றை விடவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். லேசான, தண்ணீர்மேல் எழும்பிப் பறக்கக்கூடிய படகில் சீகலை மாட்டினால் வீண். புரொப்பெல்லரின் சுற்றும் சாய்வும் ஐந்தாறு கடல்மைலுக்கு என்றே அமைந்தவை. படகு எவ்வளவு லேசாக இருந்தாலும் அதற்கு மேல் போகாது, எஞ்சின் வெறுமனே கத்தும். ரப்பர் படகு பரவலாகி, குடும்பத்தோடு வேகமாக ஒரு சுற்று போய்வர வேண்டும் என்று ஆசைப்பட்ட தலைமுறைக்குச் சீகலிடம் பதில் இருக்கவில்லை.

பெட்ரோல் செலவும் அதிகம். பழைய டூ ஸ்ட்ரோக் எதுவாயினும் உள்ளே போன கலவையில் கால்பங்கு எரியாமலே புகைக்குழாய் வழியே வெளியேறுவது உண்டு. அதில் ஒன்பது சதவீதம் ஆயில் என்றால் தண்ணீரின் கதியை யோசித்துக்கொள்ளலாம்.

ஓட்டுவது ஒரு சடங்கு

டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்து. பெட்ரோல் குழாயைத் திற. கார்புரேட்டர் மேல் உள்ள பொத்தானைப் பெட்ரோல் வழியும் வரை அழுத்து. சோக் தகட்டை மூடு. முனையில் முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிளைவீல் மேல் உள்ள வெட்டில் மாட்டிச் சுற்று. பின்னால் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார். இழு.

பின்னால் பார்க்கச் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. கயிறு முழுவதும் கழன்று கையோடு வந்துவிடும், அதன் முடிச்சு படகில் இருப்பவர் முகத்தில் சாட்டையாக விழும். சீகல் வைத்திருந்த குடும்பங்களில் மனைவி, மச்சான், நாய் என்று யாராவது ஒருவர் அந்த முடிச்சின் ருசி அறிந்திருப்பார்கள். கயிறு தண்ணீரில் விழுந்து மூழ்கினால் இடுப்பு பெல்ட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

கிளட்ச் இல்லாத மாடல்களில் எஞ்சின் பிடித்த கணமே படகு கிளம்பிவிடும். நியூட்ரல் கிடையாது. கட்டியிருந்த கயிற்றை முன்பே அவிழ்த்திருக்க வேண்டும், எதிரே யாரும் இருக்கக் கூடாது. கிளட்ச் உள்ளவற்றிலும் முன்னே போகலாம், நிற்கலாம், பின்னே போக வழியில்லை. வேகத்தைக் கணித்து, சரியான தூரத்தில் எஞ்சினை நிறுத்தி, வழுக்கிக்கொண்டே வந்து கரையணைய வேண்டும். பழகியவர்கள் அதை அழகாகச் செய்தார்கள். பழகாதவர்களால் படகுத் துறைப் பலகைகள் அடிபட்டன.

எப்படி முடிந்தது

சீகலைச் சட்டம்தான் கொன்றது என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. சுற்றுச்சூழல் விதிகள் வந்தன, டூ ஸ்ட்ரோக் ஒழிந்தது, சீகலும் போனது என்று. தேதிகளை வரிசையில் வைத்தால் இது நிற்கவில்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றுக்கும் நடுவே உள்ள போடன்சே ஏரியில் 1993 முதல் படகு எஞ்சின் புகைக்குக் கட்டுப்பாடு வந்தது உண்மை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான விதி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளைத் தொட்டது 2007-ல். சீகல் உற்பத்தி நின்றதோ 1996-ல். பதினோரு வருட இடைவெளி. சட்டம் வந்து கதவைத் தட்டும்போது வீட்டில் ஆளே இல்லை. (நம் ஆர்எக்ஸ் 100-ம் அதே 1996-ல்தான் நின்றது. எனக்கு மட்டும் வேடிக்கையாகத் தோன்றும் தற்செயல் இது.)

கொன்றது சந்தை. ஹோண்டா 1964-லேயே ஜிபி30 என்ற ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டை வெளியிட்டது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் யமஹா, சுசுகி போன்ற ஜப்பான்காரர்கள் சின்ன டூ ஸ்ட்ரோக்கைச் செம்மைப்படுத்திவிட்டார்கள். மூடி போட்டது, கயிறு தானே சுருண்டு உள்ளே போவது, நியூட்ரல் உள்ளது, ஐம்பதுக்கு ஒன்று ஆயில் போதும் என்பது. சத்தமும் குறைவு. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவர்களும் படகு வாங்கத் தொடங்கிய காலம் அது. அவர்களுக்கு எஞ்சினின் உள்ளுறுப்பு கண்ணுக்குத் தெரிவது ஒரு வசதியாகப் படவில்லை.

சீகல் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 1979 வாக்கில் கலவையை இருபத்தைந்துக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். தானே சுருளும் கயிறு வந்தது. பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. க்யூபி என்ற புது வரிசையும் வந்தது. எல்லாம் பழைய உடம்பின் மேல் போட்ட புதுச் சட்டைகள். ஐம்பதுக்கு ஒன்றுக்குப் போக வேண்டுமானால் கிராங்கில் புஷ்ஷை எடுத்துவிட்டு பால் பேரிங்கும் ரப்பர் சீலும் போட வேண்டும். போட்டால் உடம்பே மாறிவிடும், ஜப்பான்காரர் ஏற்கெனவே மலிவாகவும் நன்றாகவும் செய்கிற எஞ்சினாகிவிடும். போடாவிட்டால் புகையோடும் படலத்தோடும் வாழ வேண்டும்.

இங்கே நிர்வாகத்தைக் குறை சொல்வது சுலபம். முப்பது வருடம் முன்னாலேயே மாற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். ஐம்பதுகளில் அவர்களிடம் போய் எது மாற வேண்டும் என்று கேட்டிருந்தால் வாடிக்கையாளர்கள் ஒன்றும் மாற வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். பழைய உதிரிபாகம் புது எஞ்சினுக்கும் பொருந்தும் என்பதே அவர்கள் சீகலை வாங்கியதற்கு ஒரு காரணம். நான் குறை காண்பது வேறு இடத்தில். பெரிய மெதுவான புரொப்பெல்லர் என்ற கருத்து ஆயிலோடு பிணைந்தது அல்ல. மேலே எந்தத் தலையை, அதாவது எஞ்சின் பகுதியை, வைத்தாலும் கீழே அதை வைத்திருக்கலாம். தள்ளும் திறனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, புகையும் தலையை மட்டும் மாற்றியிருந்தால் பாய்மரக்காரர்கள் சந்தையாவது மிஞ்சியிருக்கும். அந்தச் சந்தை இருந்தது என்பதற்குச் சாட்சியும் உண்டு. பாய்மரப் படகுக்கென்றே கியர் விகிதத்தைக் கூட்டி, பெரிய புரொப்பெல்லர் போட்ட சின்ன எஞ்சின்களை யமஹா போன்றவர்கள் பின்னர் தனியாகவே விற்றார்கள்.

மூடிய பிறகு

தொழிற்சாலை நின்றாலும் உதிரிபாகம் நிற்கவில்லை. அந்த உரிமையை வேறொரு நிறுவனம் எடுத்துக்கொண்டு தொடர்ந்தது. நியூசிலாந்தில் சீகல் மட்டும் மாட்டிய படகுகளுக்கென்று பந்தயமே நடத்தியிருக்கிறார்கள். வேகப் போட்டிக்கு இதைவிடப் பொருத்தமில்லாத எஞ்சினைத் தேடிப் பிடிக்க முடியாது, வேடிக்கையே அதில்தான்.

பழைய சீகல் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் கிராங்க்கேஸில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படிக்க வேண்டும். முன்னால் உள்ள எழுத்துகள் மாடல், நீளத் தண்டா குட்டைத் தண்டா, கிளட்ச் உண்டா என்று சொல்லும். கடைசி எழுத்து மாதம், அதன் பின்னால் வரும் இலக்கம் வருடம். ஐ எழுத்தைத் தாண்டிவிட்டு ஏ முதல் எம் வரை பன்னிரண்டு மாதங்கள். ஜி7 என்றால் 1967 ஜூலை. ஜிஜி7 என்று எழுத்து இரட்டித்தால் 1977 ஜூலை. பிறந்த மாதம் தெரிந்துவிட்டால் எந்தக் கலவை என்பது தெரிந்துவிடும்.

அங்கேதான் சண்டையும் தொடங்கும். இன்றைய 2டி ஆயில் அந்தக் காலத்து ஆயிலைவிடப் பல மடங்கு மேல், பழைய எஞ்சினுக்கும் இருபத்தைந்துக்கு ஒன்று போதும் என்று ஒரு கட்சி. படகுத் துறையில் அக்கம்பக்கத்தாரோடு முகம் கொடுத்துப் பேச வேண்டுமே என்பது அவர்கள் கவலை. மற்றக் கட்சி இரண்டு காரணம் சொல்லும். ஆயில் குறைந்தால் கலவை இளகும், கார்புரேட்டரின் சின்னத் துளையான அதே ஜெட் வழியாகக் கூடுதல் பெட்ரோல் போகும், எஞ்சின் திணறும். எனவே ஜெட்டையும் ஊசியையும் மாற்றாமல் ஆயிலை மட்டும் குறைக்கக் கூடாது. இரண்டாவது, நாற்பது வருடம் ஓடித் தேய்ந்த புஷ்ஷில் இடைவெளி கூடியிருக்கும், அதை அடைத்துக்கொண்டிருப்பதே ஆயில்தான். நான் இரண்டாவது கட்சி. புஷ் புதிதாகப் போட்டு, ஜெட் மாற்றியிருந்தால் தாராளமாக இருபத்தைந்துக்குப் போகலாம். கொட்டகையிலிருந்து இப்போதுதான் வெளியே எடுத்த எஞ்சின் என்றால், தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மாட்டி, முதல் ஐந்து லிட்டருக்கு அரை லிட்டர் ஊற்றுவதுதான் நல்லது. பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கயிற்றுக்குப் பின்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு.